பதினோரு படங்களில் ஓடியவர்

சட்டையின் இடது கையை இஸ்திரி போட்டு முடித்து வலது கையைப் பலகையில் விரித்தபோதுதான், அது கோடு போட்ட சட்டை என்பது சின்னவரின் கண்ணில் பட்டது. மெல்லிய நீலக் கோடுகள். சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் வெறும் வெளிர்நீலம் என்றுதான் தோன்றும். பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். கோடுதான். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "பாப்பா, இங்க வா," என்று கூப்பிட்டார்.

அண்ணன் மகள் முன்னறையிலிருந்து வந்தாள். நாற்பத்திரண்டு வயது, ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை, ஆனாலும் அவருக்குப் பாப்பாதான். காலையிலிருந்து அழுததில் மூக்கு சிவந்திருந்தது.

"இந்தச் சட்டையை யார் எடுத்து வெச்சது?"

"நான்தான் சித்தப்பா. போன வருஷம் அப்பா பிறந்த நாளைக்கு வாங்கினது. அட்டைகூடப் பிரிக்கல. இன்னைக்காவது போட்டுக்கட்டுமேன்னு..."

"கோடு போட்டிருக்கே."

அவள் சட்டையைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். "இன்னுமா சித்தப்பா அதெல்லாம்?"

முன்னறையிலிருந்து அண்ணியின் குரல் வந்தது. "அதை மடிச்சு வெச்சுடு. பீரோவுல ரெண்டாவது தட்டுல வெள்ளைச் சட்டை இருக்கு பாரு."

அண்ணி உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் கட்டிலில் பெரியவர், சின்னவரின் அண்ணன், படுத்திருந்தார். காலை ஆறு மணிக்குக் காபியைக் கையில் கொடுத்தபோது, "சூடா இருக்கு, ஆறட்டும்," என்றிருக்கிறார். அண்ணி அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. எழுபத்தாறு வயது. ஒரு நாள்கூடப் படுக்கையில் கிடக்காமல் போய்ச் சேர்ந்ததைக் கொடுப்பினை என்றார்கள் வந்தவர்கள். வண்டி நாலு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். இப்போது மணி மூன்று.

அந்த வீட்டில் கோடு போட்ட துணி கிடையாது. சட்டை மட்டுமில்லை, துண்டு, தலையணை உறை, வாசல் மிதியடி எதிலும் கோடு இருக்கக் கூடாது. விஷயம் தெரியாதவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். விஷயம் தெரிந்தவர்களுக்கும் கொஞ்சம் அப்படித்தான் தெரியும்.

பெரியவர் முப்பத்தெட்டு வருஷம் படம் வெட்டி ஒட்டியவர். பெரிய பேனர் படங்கள் இல்லை. பழைய டயர் கிடங்கு ஒன்றை வெள்ளையடித்து, வாசலில் பெயர்ப்பலகை மாட்டிய கம்பெனி அது. அந்தக் கம்பெனி எடுத்த படங்கள் பதினொன்று. பதினொன்றிலும் டைனோசர் வரும். இன்றைக்குக் கம்ப்யூட்டரில் செய்கிறார்களே, தோலில் இருக்கும் மரு வரைக்கும் தெரிகிற மாதிரி, அது இல்லை. என்றைக்கோ, எந்த நாட்டிலோ, யாரோ ஒரு புண்ணியவான் களிமண்ணில் மிருகங்களைப் பிடித்து, மயிரிழை மயிரிழையாக நகர்த்தி, ஒவ்வொரு நகர்வுக்கும் ஒரு படம் எடுத்துச் செய்த பேசாத படம் ஒன்று இருந்தது. அதிலிருந்து மிஞ்சிய ஏழு நிமிஷத் துண்டு, கடையைக் கட்டிவிட்டுப் போன ஒரு விநியோகஸ்தரின் கிடங்கில் முதலாளிக்குக் கிடைத்தது. கம்பெனியின் சொத்து அந்த ஏழு நிமிஷம்தான். மற்றதெல்லாம் அதைச் சுற்றிக் கட்டிய கதை.

ஏழு நிமிஷத்தில் மொத்தம் நான்கு காரியங்கள் நடக்கும். ஏரிக்கரையில் இரண்டு மிருகங்கள் சண்டை போடும். ஒன்று பாறையிலிருந்து உருண்டு விழும். ஜெயித்தது தலையைத் தூக்கி நம்மைப் பார்க்கும். கடைசியில் குனிந்து ஒரு ஆளைக் கவ்வித் தூக்கும். இந்த நான்கையும் வைத்துக்கொண்டு பெரியவர் பதினோரு படத்துக்கு வித்தை காட்டினார். இடம் வலமாக மாற்றிப்போட்டால் அது வேறு மிருகம். இருட்டாக அச்சடித்தால் ராத்திரி. பச்சைச் சாயம் ஏற்றினால் கடலுக்கடியில். பின்னோக்கி ஓட்டினால் பாறையிலிருந்து விழுந்த மிருகம் பாறை மேல் பாய்ந்து ஏறும், தியேட்டரில் விசில் பறக்கும். சில இடங்களில் ஃபிரேமை நிறுத்திப் பார்த்தால் மிருகத்தின் கழுத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை தெரியுமாம். "முகம் தெரியாத ஆள், ஆனா ரேகை எனக்குத் தெரியும்," என்று பெரியவர் சொல்வார். அந்த ஆளைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவர் குரலில் ஒரு மரியாதை வந்துவிடும்.

சிக்கல் அந்த நாலாவது காரியத்தில் இருந்தது. மிருகம் கவ்விய ஆள் ஒரு சின்னப் பொம்மை. ஆனால் அந்தப் பொம்மைக்குக் கோடு போட்ட சட்டையும் தொப்பியும் போட்டுவிட்டிருந்தார்கள். பொம்மையின் சட்டையை மாற்ற முடியாது. அதனால் கதையில் யார் சாக வேண்டுமோ அவருக்குக் கோடு போட்ட சட்டையை மாட்டிவிடுவது கம்பெனி வழக்கமாயிற்று. மந்திரி செத்தாலும் மாலுமி செத்தாலும் அதே கோடுதான். நாலாவது படத்துக்குள் ஜனங்களுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. கோடு போட்ட சட்டைக்காரர் திரையில் தலைகாட்டியதுமே, "போச்சு, இவன் காலி," என்று முன்வரிசையிலிருந்து குரல் வரும். கம்பெனி ஆட்கள் நிஜத்திலும் கோடு போட்ட சட்டை வாங்குவதை விட்டுவிட்டார்கள். விளையாட்டாக ஆரம்பித்தது, நாளாக நாளாக யாருக்கும் அதைப் போட மனம் வரவில்லை.

முதல் படத்தில் அந்தச் சட்டையைப் போட்டவர் சின்னவர்.

அப்போது அவருக்கு இருபத்தேழு வயது. நாடகங்களில் நடித்துக்கொண்டிருந்தவரை அண்ணன்தான் முதலாளியிடம் கூட்டிக்கொண்டு போனார். முதல் நாள் அவர் ஓடுவதை எடுத்தார்கள். ஒரு கையால் தொப்பியைப் பிடித்துக்கொண்டு, மறுகையை வீசி, திரும்பித் திரும்பிப் பார்த்தபடி மணல்மேட்டில் ஓட வேண்டும். இரண்டாம் நாள் அவர் சாகும் காட்சி. ஒரே டேக்கில் ஓகே ஆயிற்று. அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது, ஃபிலிம் வீணாகும் என்பதால் அந்தக் கம்பெனியில் எல்லாமே ஒரே டேக்கில் ஓகேதான்.

படம் வெளியான அன்று அம்மாவையும், நிச்சயமாகியிருந்த பெண்ணையும், நாடகக் கூட்டாளிகளையும் தியேட்டருக்கு அழைத்துப் போனார். "நான் சாகறப்போ அழக் கூடாது, அது சும்மா," என்று அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். திரையில் அவர் ஓடினார். ஓடிக்கொண்டே இடதுபக்கமாக வெளியே போனார். அடுத்த காட்சியில் அதே கோடு போட்ட சட்டையில் சமையல்காரர் வேஷம் போட்டவர் நின்று அலறினார், மிருகம் அவரைக் கவ்விக்கொண்டு போயிற்று. சின்னவர் அதற்குப் பிறகு படத்தில் வரவேயில்லை. "ஓடறப்போ ஒல்லி, சாகறப்போ குண்டு," என்று பின்னாலிருந்து யாரோ சொல்ல, தியேட்டரே சிரித்தது. வெளியே வந்ததும் நிச்சயமான பெண், "நீங்க சாகவே இல்லையே," என்று கேட்டாள். ஏமாந்த மாதிரிதான் கேட்டாள்.

அன்று இரவு அண்ணனிடம் கேட்டார். அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டைவிட்டு முகத்தை எடுக்காமல், "நீளம் ஜாஸ்தியாயிடுச்சு," என்றார்.

அதற்குமேல் அவர் எதுவும் சொல்லவில்லை. சின்னவரும் கேட்கவில்லை. முதலாளி அவரை மறுபடி கூப்பிடவில்லை. நாலு வருஷம் காத்திருந்துவிட்டு, பஸ் நிலையத்தில் அறிவிப்பாளர் வேலைக்குப் போனார். இருபத்தெட்டு வருஷம் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது என்று மைக்கில் சொன்னார். நல்ல குரல் என்று எல்லாரும் சொன்னார்கள். ஆனால் அந்த ஓட்டத்தை மட்டும் கம்பெனி விடவில்லை. பதினோரு படத்திலும் அவர் அதே மணல்மேட்டில் ஓடினார். சிலதில் இடமிருந்து வலமாக, சிலதில் வலமிருந்து இடமாக. தலை நரைத்த பிறகும் திரையில் இருபத்தேழு வயதில் ஓடிக்கொண்டிருந்தார். ஓடி முடித்ததும் வேறு யாராவது செத்தார்கள். பஸ் நிலையத்தில் டிரைவர்கள் அவரை ஓட்டக்காரர் என்றே கூப்பிட்டார்கள்.

அண்ணன் தம்பிக்குள் சண்டை ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் இங்கே வந்து சாப்பிடுவார். ரத்த அழுத்தம், பஸ் கட்டணம், பாப்பாவின் வேலை மாற்றம் எல்லாவற்றையும் பேசுவார்கள். அதைத் தவிர எல்லாவற்றையும். சின்னவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: தனக்கு நடிக்கத் தெரியுமா, தெரியாதா. அந்தக் காட்சியை ஃபிலிமில் பார்த்தவர் உலகத்தில் ஒரே ஒருவர். இன்று காலையோடு அவரும் போய்விட்டார். செய்தி கேட்டு ஆட்டோவில் வரும்போது அழுகைக்கு முன்னால் மனதில் வந்தது இந்த நினைப்புதான். அதற்காக வழியெல்லாம் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது சவுண்டு வந்தார். கம்பெனிக்குச் சத்தம் போட்டவர் என்பதால் சவுண்டு. சொந்தப் பெயர் வீட்டு ரேஷன் கார்டில் இருக்கலாம். எண்பது வயதில் இரண்டு மாடி ஏறி வந்த மூச்சிரைப்போடு பெரியவர் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். அண்ணியைப் பார்த்துக் கையைக் கூப்பினார். பிறகு பின்னறைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். பாப்பா தண்ணீர் கொடுத்துவிட்டுப் போனாள்.

"அந்த மிருகத்துக்குக் குரல் குடுத்தது எப்படின்னு ஞாபகம் இருக்கா உங்களுக்கு?" என்றார் சவுண்டு.

"பெஞ்சை இழுப்பீங்க."

"சிமென்ட் தரையில மர பெஞ்சை இழுத்து, டேப்பை மெதுவா ஓட்டுவேன். ஆளைக் கடிக்கிறதுக்குப் பச்சைக் கேரட். உங்க அண்ணன் பக்கத்துல நின்னு மிச்சக் கேரட்டைத் தின்னுக்கிட்டே, 'இன்னும் கொஞ்சம் எலும்பு வேணும்'பார்." சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி அடங்கிற்று. "உங்களுக்குன்னுகூட ஒரு கடி ரெடி பண்ணி வெச்சேன். வீணாப் போச்சு."

சின்னவர் காலரைத் திருப்பி இஸ்திரிப் பெட்டியை வைத்தார். "நீளம் ஜாஸ்தின்னு எடுத்துட்டார்."

"நீளமா?" சவுண்டு டம்ளரைக் கீழே வைத்தார். "அப்படியா சொன்னார்?"

"பின்னே?"

"இல்ல, உங்களுக்குத் தெரியும்னுல்ல இத்தனை நாளும் நினைச்சுக்கிட்டிருந்தேன்."

"என்ன தெரியும்?"

சவுண்டு எழுந்திருக்கப் பார்த்தார். சின்னவர் அவர் தோளில் கை வைத்து உட்கார வைத்தார். அழுத்தம் கொஞ்சம் கூடுதலாகவே விழுந்தது.

"பழசு தம்பி. இப்ப எதுக்கு?"

"சொல்லுங்க."

"நான் பக்கத்து ரூம்ல இருந்தேன். முதலாளிகிட்ட உங்க அண்ணன் சொன்னது காதுல விழுந்துச்சு. 'என் தம்பிதான், ஆனா உள்ளதைச் சொல்லணும். அவனுக்கு நடிப்பு வரல. முகத்துல ஒண்ணுமே இல்ல. இதை வெச்சா தியேட்டர்ல சிரிப்பாங்க. சமையல்காரரைப் போட்டு அரை நாள்ல எடுத்துடலாம்'னார். முதலாளி, 'உன் தம்பியை நீயே வேணாங்கறியா, அப்ப நிஜமாவே மோசம்தான்'னுட்டார்."

"நீங்க பார்த்தீங்களா, அந்த சீனை?"

"எங்கிட்ட வர்றதுக்கு முன்னாடியே எடுத்துட்டாரே."

காலர் கருகும் வாசனை வந்தது. சின்னவர் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கினார். நல்லவேளை, உள்பக்கம்தான் லேசாகப் பழுத்திருந்தது. சுவிட்சை அணைத்தார். அண்ணன் தன்னை மோசம் என்று நினைத்திருக்கலாம் என்பதற்கு அவர் நாற்பத்தொரு வருஷமாகத் தயாராகத்தான் இருந்தார். ஆனால் அதை முதலாளியிடம் போய்ச் சொல்லி, கதவைச் சாத்தி, சாவியையும் கையோடு எடுத்துக்கொண்டு வந்து, ஞாயிற்றுக்கிழமை தோறும் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். 'இன்னும் கொஞ்சம் போட்டுக்கோடா' என்று வேறு சொல்லியிருக்கிறார். முப்பத்தொரு வயதில் கண்ணாடிக் கூண்டுக்குள் போய் உட்கார்ந்த அந்த முதல் நாள் சின்னவருக்கு ஞாபகம் வந்தது.

சட்டையைக் கொண்டுபோய் பாப்பாவின் கையில் கொடுத்துவிட்டு வாசலுக்குப் போய்ச் செருப்பைத் தேடினார். வந்தவர்களின் செருப்புகள் குவிந்து கிடந்தன. ஒன்று கிடைத்தது, இன்னொன்று கிடைக்கவில்லை. தூக்குகிறவர்கள் தூக்கட்டும், நான் இருந்து என்ன ஆகப்போகிறது என்று நினைத்துக்கொண்டே காலால் துழாவினார்.

"தம்பி," என்றார் அண்ணி உள்ளேயிருந்து. "கொஞ்சம் வாங்க. எங்க ரெண்டு பேரால கையை மடக்க முடியல."

ஒற்றைச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

மற்றவர்களைக் கூடத்துக்கு அனுப்பியிருந்தார்கள். பாப்பா அப்பாவின் தலையைத் தாங்கிக்கொண்டாள். சின்னவர் முதுகுக்குக் கீழே கைகொடுத்துத் தூக்கினார். அண்ணன் கனமாக இருந்தார். சட்டைக்குள் ஒரு கையைப் போட்டு, முதுகுப்பக்கம் துணியை இழுத்து, மறுகையைப் போட்டார்கள். அண்ணி மேலேயிருந்து பட்டன்களைப் போட ஆரம்பித்தார்.

"செருப்பு கிடைச்சுதா?" என்று கேட்டார், பட்டனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சின்னவர் அண்ணனின் தோள்பக்கம் துணிச் சுருக்கத்தை இழுத்துவிட்டார்.

"சவுண்டுக்குக் காது போயிடுச்சு, அதான் அவ்வளவு சத்தமாப் பேசறார். எல்லாம் கேட்டுச்சு."

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா அண்ணி?"

"தெரியும்."

"நாற்பத்தொரு வருஷமா?"

"ஆமா." இரண்டாவது பட்டன் போட்டார். "அந்த சீனை ஒட்ட உட்கார்ந்தது ஒரு வெள்ளிக்கிழமை. வீட்டுக்கு வந்து சாப்பிடல. சனிக்கிழமையும் சாப்பிடல. ஞாயித்துக்கிழமை பிடிச்சு வெச்சுக் கேட்டேன். 'அவனைத் திருப்பித் திருப்பி வாய்க்குள்ள போடறேன்டி'ன்னார். எனக்குப் புரியல. அப்புறம் விளக்கமாச் சொன்னார். உங்க முகத்தை எந்த இடத்துல வெட்டி அந்த மிருகத்தை ஒட்டறதுன்னு பார்க்கணுமாம். முன்னாடி ஓட்டினா நீங்க வாய்க்குள்ள போவீங்க. பின்னாடி ஓட்டினா வெளியே வருவீங்க. ரெண்டு ஃபிரேம் குறைக்கணும், மறுபடி ஓட்டணும். ஒரு ஃபிரேம் கூட்டணும், மறுபடி ஓட்டணும். 'வெளியே வர்றப்போ பார்க்க நல்லாத்தான் இருக்கு, ஆனா முன்னாடியில்ல ஓட்டியாகணும்'னார். 'அந்தப் பொம்மையை எத்தனை தடவை போட்டுப் பார்த்திருக்கேன், ஒண்ணும் ஆகல. இவனைப் போட முடியல'ன்னு அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்."

பாப்பா குனிந்து அப்பாவின் தலைமுடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டிருந்தாள்.

"சமையல்காரரைப் போடணும்னா முதலாளிக்குக் காரணம் சொல்லணுமே. என் தம்பியை அதுக்குள்ள போட மனசு வரலன்னு சொன்னா, வேலையை விட்டுத் துரத்துவார். அதனால அப்படிச் சொல்லிட்டார். ஒரு படத்தோட போயிடும்னு நினைச்சார். முதலாளி அதையே பிடிச்சுக்கிட்டு உங்களைக் கூப்பிடவே மாட்டார்னு அவருக்குத் தோணல."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீங்க என்ன சொல்லியிருப்பீங்க? 'அதனால என்ன, போடுண்ணா'ன்னு சொல்லியிருப்பீங்க. அப்ப போட்டுத்தான் ஆகணும்."

அது உண்மைதான் என்று சின்னவருக்குத் தெரிந்தது. தெரிந்ததில் கோபம் இன்னும் ஏறியதே தவிர இறங்கவில்லை. "அப்புறம்? அதுக்கப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமைகூடவா நேரம் கிடைக்கல?"

"அப்புறம் வாய் வரல. பயம், நீங்க வர்றதை நிறுத்திடுவீங்கன்னு." அண்ணி நிமிர்ந்து அவரைப் பார்த்தார். "வேலை முடிஞ்சு நேரா வீட்டுக்கு வராம பஸ் ஸ்டாண்டுக்குப் போவார், தெரியுமா? எங்கேயும் போக மாட்டார். பெஞ்சுல உட்கார்ந்து உங்க குரலைக் கேட்டுட்டு வருவார். 'என்னமா சொல்றான் பாரு, ஊர்ப் பேரைச் சொன்னாலே டிக்கெட் எடுக்கத் தோணுது'ன்னு இங்க வந்து என்கிட்ட சொல்வார். எனக்கே பத்திக்கிட்டு வரும்."

சின்னவர் அண்ணனின் கையை எடுத்து மார்புமேல் வைத்தார். சட்டையின் மணிக்கட்டுப் பட்டன் போடாமல் இருந்தது. போட்டுவிட்டார். மன்னிக்க முடியவில்லை. விட்டுவிட்டுப் போகவும் முடியவில்லை. பிடித்த கையை வைத்துவிட மனம் இல்லாமல், அந்தப் பட்டனை இன்னொரு முறை அவிழ்த்துச் சரியாகப் போட்டார்.

"நல்லா இருந்துச்சாமா?" என்று கேட்டார். "நான் பண்ணினது. அதைப் பத்தி ஏதாவது சொன்னாரா?"

"அதைப் பத்திப் பேசவே விட மாட்டார். ஃபிலிமைக் கொல்லைப்பக்கம் கொண்டுபோய் எரிச்சுட்டார். அதுல என்ன இருந்துச்சுன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது." காலரை நீவிவிட்டார். "மோசமா இருந்திருந்தா அவருக்கு என்ன? சிரிச்சுக்கிட்டே ஒட்டியிருப்பார்."

சவுண்டு அறைவாசலில் வந்து நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு கேட்டதோ, தெரியவில்லை. தப்புச் செய்த பிள்ளை மாதிரி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்ன பண்ணுவீங்க சித்தப்பா அதுல?" என்றாள் பாப்பா. "கத்துவீங்களா?"

"கத்தச் சொன்னாங்க. நான் கத்தல."

"பின்னே?"

"பெரிசா ஒண்ணும் இல்ல. சொன்னா சிரிப்பே."

"நான் பார்க்கணும்," என்றார் அண்ணி.

சின்னவர் அவரை நிமிர்ந்து பார்த்தார். "இப்பவா அண்ணி?"

"இப்ப இல்லேன்னா எப்போ? அதுக்காக அவர் மூணு நாள் பட்டினி கிடந்தார். நீங்க முப்பது வருஷம் மைக்கைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்தீங்க. அது என்னன்னு எனக்குத் தெரிய வேண்டாமா?" அதட்டுகிற மாதிரிதான் கேட்டார். உதடு மட்டும் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது.

வெளியே கூடத்தில் யாரோ வண்டிக்குப் போன் செய்து வழி சொல்லிக்கொண்டிருந்தார்கள். சின்னவர் எழுந்து நின்றார். வேட்டியைச் சரி செய்தார். ஒரு பழைய பழக்கம் மாதிரி, வெளிச்சம் எங்கேயிருந்து வருகிறது என்று பார்த்தார். ஜன்னல் பக்கமிருந்து வந்தது.

"கேமரா அங்க," என்று ஜன்னலைக் காட்டினார். "என் கூட ஒரு சிநேகிதன் இருப்பான். அவனுக்குக் கால்ல அடி. ரெண்டு பேரும் ஓட முடியாது. அவனை அனுப்பி வெச்சுட்டு நான் நிக்கணும். அவன் போனதும் திரும்பி, தொப்பியைச் சரி பண்ணி, மேல பார்க்கணும். அவ்வளவுதான் சீன். மிச்சம் பொம்மை பார்த்துக்கும்."

"சிநேகிதன் எங்க நிப்பார்?" என்றாள் பாப்பா.

சின்னவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். அந்தச் சின்ன அறையில் இடம் ஏது? "இங்கதான்," என்றார், கட்டிலைக் காட்டி.

யாரும் சொல்லாமலே சவுண்டு எட்டி ஃபேனை அணைத்தார். இறக்கைகள் மெல்ல மெல்லச் சுற்றி நின்றன. அதுவரை காதில் விழாத தெருச் சத்தங்கள் எல்லாம் உள்ளே வந்தன. எங்கோ பாத்திரம் கழுவினார்கள். சவுண்டு மறுகையால் கதவை ஒருக்களித்துச் சாத்தியதும் அதுவும் அடங்கிற்று.

சின்னவர் கட்டிலைப் பார்த்துத் திரும்பினார். கொஞ்ச நேரம் ஒன்றும் செய்யவில்லை. வசனம் மறந்துவிட்டது என்று பாப்பா நினைத்தாள். அவர் ஒரு அடி முன்னால் வந்து, படுத்திருந்தவரின் தோளை லேசாக, அவசரப்படுத்துகிற மாதிரி தொட்டார்.

"நீ முன்னாடி போ," என்றார். மைக்கில் கேட்ட குரல் இல்லை அது. கூட நடந்து வருகிறவனிடம் எதையும் காட்டிக்கொள்ளாமல் பேசுகிற குரல். "நான் பின்னாலயே வந்துடறேன்."

இனி திரும்ப வேண்டும். மனதுக்குள் மூன்று வரை எண்ணிவிட்டுத் திரும்பச் சொல்லியிருந்தார்கள். மூன்று எண்ணினார். மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார். தோளிலிருந்து கையை எடுக்க வரவில்லை.

அண்ணி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். "போதும் தம்பி," என்றார்.

கீழே வண்டி வந்து நின்றது. யாரோ அதன் பின்கதவைத் திறந்தார்கள். சவுண்டு ஃபேன் சுவிட்சின் மேல் வைத்த விரலை எடுக்காமல், காட்சி முடிந்துவிட்டதா என்று தெரியாமல், சின்னவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.